கேமராவை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன் (கூந்தன்குளம், 5 படங்கள்)

நெல்லைக் கொக்கு | மார்ச் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக வந்து படித்துவிட்டுப் போகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 46. நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அண்ணன் மகன் புதிய கேமரா வாங்கியபோது தன் பழைய கேனனை என்னிடம் தந்துவிட்டான். 18 மெகாபிக்சல், கூடவே ஒரு 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். "அத்தை, சும்மா அலமாரியில் கிடப்பதற்கு நீங்களாவது தட்டிக்கொண்டிருங்கள்" என்றான். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் விடிவதற்குள் ஸ்கூட்டியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவேன். போனவர்களுக்குத் தெரியும். குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசலில் நிற்கும் மரத்திலும் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். கீழே ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார், தலைக்கு மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும்.

இன்று காவல் கோபுரத்தில் நான்கைந்து பேர் பீரங்கி போன்ற லென்ஸ்களோடு நின்றார்கள். ஒருவர் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "இதை வைத்துக்கொண்டு கொக்கை எடுக்கலாம், பறக்கிற கொக்கை எடுக்க முடியாது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து 230 படங்களையும் கணினியில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான் என்று தோன்றிவிட்டது. பறக்கும் நாரை எல்லாம் கலங்கிய பால் மாதிரி இருக்கிறது. இறகு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

அதில் ஐந்தை இணைத்திருக்கிறேன். முதல் நான்கு பறப்பவை. ஐந்தாவது மதியம் கிளம்பும்போது சும்மா எடுத்தது. விற்றுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாமா, சொல்லுங்கள்.

மதுரை முக்காலி | மார்ச் 9, இரவு 9.52

அருமை அக்கா! விற்காதீர்கள்.

வேகத்தடை | மார்ச் 9, இரவு 10.03

எல்லாப் படங்களும் சூப்பர். தொடருங்கள், வாழ்த்துகள்.

கறார்க் கண்ணாடி | மார்ச் 9, இரவு 10.20

மன்னிக்க வேண்டும், படங்கள் அருமையாக இல்லை. முதல் நான்கிலும் பறவை கலங்கியிருக்கிறது. இரண்டாவது படத்தில் முதுகு முழுவதும் வெள்ளைக் காகிதம், ஓர் இறகுகூடத் தெரியவில்லை. இது அவருக்கே தெரிகிறது, அதனால்தான் கேட்கிறார். "எனக்குக் காய்ச்சல்" என்று வருகிறவரிடம் "நீங்கள் அழகாக இருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்புவது என்ன உபகாரம்?

மேடம், படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'விவரங்கள்' பாருங்கள். ஷட்டர் வேகம் (எத்தனை நொடி திறந்திருந்தது), அபெர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறந்தது; எஃப் எண் கூடினால் திறப்பு சிறியது), ஐஎஸ்ஓ (ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது) மூன்றும் வேண்டும். அதைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

ஆனைமலை மேகம் | மார்ச் 9, இரவு 10.31

கறார் அண்ணா, சொல்வது சரி, சொல்கிற விதம்தான். முதல் பதிவு போடுகிறவரை வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டை கேட்பதுபோல் இருக்கிறது.

அக்கா, பயப்படாதீர்கள். இவர் இப்படித்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் போட்ட இருவாட்சிப் படத்துக்கு "கிளை நன்றாக இருக்கிறது" என்று ஒற்றை வரி எழுதினார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி பார்த்தால், உண்மையிலேயே ஃபோகஸ் கிளையில்தான் இருந்தது.

நெல்லைக் கொக்கு | மார்ச் 9, இரவு 10.48

கோபமே இல்லை, இப்படி யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் இருந்தேன். நான்கு படங்களுக்கும் ஒரே விவரம்தான் இருக்கிறது: 1/250, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 100. நேரம் காலை 7 முதல் 7.30க்குள்.

ஐஎஸ்ஓவை 100லேயே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கல்யாணப் படம் எடுக்கும் உறவினர் ஒருவர், "100ஐத் தாண்டினால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் ஆகிவிடும், தொடவே தொடாதீர்கள்" என்று சொல்லியிருந்தார். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

கறார்க் கண்ணாடி | மார்ச் 9, இரவு 11.15

கிடைத்துவிட்டது. லென்ஸ் குற்றவாளி இல்லை. உங்கள் கையும் இல்லை. அந்த உறவினரின் அறிவுரைதான்.

அவர் பொய் சொல்லவில்லை. மண்டபத்தில் ஃப்ளாஷ் போட்டு, மேடையில் அசையாமல் நிற்கும் மாப்பிள்ளையை எடுக்கிறவருக்கு 100 போதும். நாரை மேடையில் நிற்காது.

நீங்கள் கணக்கு ஆசிரியை, எனவே கணக்காகவே சொல்கிறேன். பறவை நொடிக்கு 10 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/250 நொடி திறந்திருந்தால் அதற்குள் பறவை 4 செ.மீ. நகர்ந்துவிடும். நீங்கள் பார்க்கிற கலங்கிய பால் அந்த 4 செ.மீ.தான். 1/2000 வைத்தால் அது அரை செ.மீ. ஆகிவிடும். இறகு இறகாகத் தெரியும்.

ஆனால் 250லிருந்து 2000 போனால் உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறையும். 250லிருந்து 500, 1000, 2000 என்று மூன்று படி. அந்த லென்ஸ் 250 மி.மீ.யில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது, எனவே அந்தக் கதவு மூடியிருக்கிறது. மிச்சம் இருப்பது ஐஎஸ்ஓ மட்டும். அதையும் மூன்று படி ஏற்றுங்கள்: 100லிருந்து 200, 400, 800. அவ்வளவுதான் விஷயம். அந்தக் கேமராவில் 800 என்பது ஒன்றுமே இல்லை. மணல் லேசாக இருக்கும். மணல் உள்ள தெளிவான நாரையா, மணல் இல்லாத கலங்கல் நாரையா என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னும் இரண்டு. ஃபோகஸை 'ஏஐ சர்வோ'வில் வையுங்கள், பறவை நகர நகர அதுவும் தொடரும். ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது புள்ளிக்கும் சேர்த்து விட்டால் கேமரா எதையாவது பிடித்துக்கொள்ளும். ஆனைமலைக்காரரைப்போல் கிளையைக்கூட.

நெல்லைக் கொக்கு | மார்ச் 9, இரவு 11.34

தூக்கம் போய்விட்டது, கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை நாள் இந்த எஃப் எண்கள் ஏன் இப்படிக் கன்னாபின்னாவென்று இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11. இப்போதுதான் உறைக்கிறது: ஒவ்வொன்றையும் 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கிக்கொண்டே போகிறார்கள்! வட்டத்தின் பரப்பு பாதியாக வேண்டுமென்றால் விட்டத்தை 1.414ஆல் வகுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதுகிற எண் இது. பையன்கள் "இது எதற்கு டீச்சர் உதவும்" என்று கேட்கும்போதெல்லாம் மழுப்பிவிடுவேன்.

கறார்க் கண்ணாடி | மார்ச் 9, இரவு 11.37

இங்கே பாதிப் பேருக்கு இது தெரியாது. மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தூங்குங்கள்.

ஸ்டூடியோ மாமா | மார்ச் 10, காலை 6.10

அம்மா, நான் கோவில்பட்டியில் 31 ஆண்டுகள் ஸ்டூடியோ வைத்திருந்தவன். இப்போது பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டு விடுவதுதான் வேலை. ஒரு கதை சொல்கிறேன், வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம். 36 படச் சுருள் ஒன்றைப் போட்டு, மாப்பிள்ளை அழைப்பிலிருந்து தாலி கட்டும் வரை எடுத்தேன். 36ஐத் தாண்டி 37, 38 என்றும் போகிறது. சில சமயம் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும், நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். 40 ஆனதும் வயிற்றைக் கலக்கியது. இருட்டறைக்குள் போய்த் திறந்து தடவிப் பார்த்தால், சுருளின் நாக்கு மறுபக்க உருளையில் மாட்டவே இல்லை. ஓர் அங்குலம்கூட நகராமல் அப்படியே டப்பாவுக்குள் இருக்கிறது. தாலி கட்டியதுகூட இல்லை.

லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்துக் குமிழ் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். சுற்றாவிட்டால் சுருள் நகரவில்லை என்று பொருள். அதைச் சொல்லித்தராமலா இருந்தார் என் குரு? சொன்னார். நான்தான் மாப்பிள்ளை வீட்டார் தந்த பன்னீர் சோடாவில் மயங்கியிருந்தேன்.

பெண்ணின் அப்பாவிடம் போய் நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மறுவீட்டுக்கு வாரும், அதையாவது ஒழுங்காக எடும்" என்றார். போனேன். அன்றைக்கு எடுத்த படம் ஒன்று இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

ஆகவே 230 கலங்கல் படம் என்று வருந்தாதீர்கள். உங்களுக்கு 230இலும் ஏதோ விழுந்திருக்கிறது. ஒரு யோசனை: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு ஞாயிறும் என்ன வைத்தீர்கள், என்ன வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். விவரம் எல்லாம் இப்போது படத்துக்குள்ளேயே இருக்கிறது என்பார்கள். "வெயில் முதுகில், காற்று இல்லை, கை நடுங்கியது, காப்பி குடிக்கவில்லை" என்பதெல்லாம் படத்துக்குள் இருக்காது.

வேகத்தடை | மார்ச் 10, காலை 8.25

மாமாவின் கதை அபாரம். ஆனாலும் உண்மையைச் சொல்வதென்றால் 250 மி.மீ. போதாது. தவணையில் 150-600 ஒன்று வாங்கிவிடுங்கள், தலைவலி தீரும். இன்னொரு வழியும் உண்டு. ஊருக்குள் மரத்தில்தான் கூடு என்கிறீர்கள். கீழே நின்று பலமாக ஒரு கைதட்டு தட்டினால் எல்லாம் ஒன்றாக எழும்பும். பக்கத்திலேயே பறக்கும் படம் கிடைத்துவிடும்.

ஆனைமலை மேகம் | மார்ச் 10, காலை 8.41

வேகத்தடை தம்பி, கைதட்டுவதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

இது மார்ச். கூட்டில் இறகு முளைக்காத குஞ்சு இருக்கும். அந்த வெயிலில் தாய் எழுந்து போனால் சிறிது நேரத்திலேயே குஞ்சு துவண்டுவிடும். காகம் காத்துக்கொண்டிருக்கும், அதற்கு அந்த இடைவெளி போதும். பதறி எழும்பும்போது பெரிய பறவையின் கால் பட்டே முட்டை உருண்டு விழுவதும் உண்டு. ஒரு படத்துக்கு இது விலையா?

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்திலேயே பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் அடக்கம். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்பதில்லை. ட்ரோன் பற்றிச் சொல்லவே வேண்டாம், சரணாலயத்துக்குப் பக்கத்தில் அதைப் பையிலிருந்தே எடுக்கக் கூடாது.

லென்ஸ் பற்றியும் எனக்கு உடன்பாடில்லை. 1/250லும் ஐஎஸ்ஓ 100லும் எடுத்தால் 600 மி.மீ.யில் இன்னும் பெரிய கலங்கல்தான் வரும், தவணை வேறு கட்ட வேண்டும்.

வேகத்தடை | மார்ச் 10, காலை 9.02

குஞ்சு இருக்கும் என்று யோசிக்கவில்லை. என் தவறு. அந்த வரியை நீக்காமல் விடுகிறேன், என்னைப்போல் நினைக்கிற வேறு யாராவது கீழே உள்ள பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும். லென்ஸ் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. என்றாவது ஒருநாள் வாங்கத்தான் போகிறீர்கள்.

நெல்லைக் கொக்கு | மார்ச் 10, மாலை 5.50

கூந்தன்குளத்தில் கைதட்டினால் முதலில் எழும்புவது நாரை அல்ல, அந்தத் தெருப் பாட்டிகள். தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது. நாரை வந்து இறங்கினால் அந்த ஆண்டு மழைக்கும் விளைச்சலுக்கும் குறைவில்லை என்பது அவர்கள் கணக்கு. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போவதால், அந்தக் கணக்கு தப்பும் இல்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துவிடுகிறவர்களும் அங்கே உண்டு.

போன மாதம் வரித்தலை வாத்துகளைக் கண்டேன். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, நம்மூர்க் குளத்தங்கரையில் மாடு மேய்வதுபோல் மேய்ந்துகொண்டிருக்கிறது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. அதையும் 1/250லேயே எடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறேன். இனி அடுத்த குளிர்காலம்தான்.

கருப்பு வெள்ளை | மார்ச் 10, இரவு 8.15

எல்லோரும் முதல் நான்கு படத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஐந்தாவதை யாரும் திறந்து பார்க்கவில்லையா?

டீச்சர், "சும்மா எடுத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அரை மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் பாதி விரித்து, தொங்கவிட்டு நிற்கிறது. பறக்கப் போவதில்லை, குடை பிடிக்கிறது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சு. இரண்டு கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன, ஒன்று மட்டும் சிறகின் விளிம்புக்கு வெளியே அலகை நீட்டி எட்டிப் பார்க்கிறது. இடது கீழ் மூலையில், கிளையோடு கிளையாக ஒரு காகம். அதன் பார்வை கேமராவின் பக்கம் இல்லை, அந்தக் குஞ்சின் பக்கம்.

காகத்தை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்க்காமல் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஞாயிறு தோறும் போய் நின்றதால்தான் அந்த இடத்தில் நின்றிருக்கிறீர்கள். பீரங்கிக்காரர்கள் அந்நேரம் சாப்பிடப் போயிருப்பார்கள்.

மா. கிருஷ்ணனை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 1912இல் உங்கள் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒன்றைப் பூட்டி, அதற்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு யானைகளுக்கு நடுவே நடந்தவர். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. 1996இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டும் இருந்தார். அவருடைய படங்களில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு இருக்காது. விலங்கு அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது இருக்கும். உங்கள் ஐந்தாவது படத்தில் அது இருக்கிறது.

கறார்க் கண்ணாடி | மார்ச் 10, இரவு 8.50

ஒப்புக்கொள்கிறேன். நானும் ஐந்தாவதைத் திறக்கவில்லை. காகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கறார் கறார்தான், எனவே குறையையும் சொல்லிவிடுகிறேன். படம் லேசாக நெளிகிறது, தண்ணீருக்குள் பார்ப்பதுபோல். அது ஃபோகஸ் பிழை இல்லை, கானல். நடு மதியத்தில் சூடான தரைக்கும் கூரைக்கும் மேலே காற்று கொதித்துக்கொண்டிருக்கும், அதன் வழியாகத் தூரத்தில் உள்ளதை எடுத்தால் எந்த விலை லென்ஸானாலும் நெளியும். கிட்டே போனால் குறையும். ஊருக்குள் இருக்கிற மரம் என்கிறீர்கள், யாராவது வீட்டு மாடியில் ஏற விடுவார்களா? கூட்டை விட்டு விலகியே, ஆனால் நடுவில் ஓட்டுக்கூரை இல்லாத ஒரு கோணம் கிடைத்தால் போதும். காலை ஒன்பதரை, பத்து மணிக்கே குடை பிடிக்கத் தொடங்கிவிடும், கானல் அவ்வளவு இருக்காது.

வெள்ளை முதுகு பற்றி: இருண்ட இலைகளுக்கு முன்னால் வெள்ளைப் பறவை நின்றால் கேமரா இலையைப் பார்த்து ஏமாந்து, ஒளியைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷர் ஈடு என்று, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஓர் அளவுகோல் இருக்கும், அதில் 1 குறையுங்கள். வெளுத்த வானம் பின்னால் இருந்தால் நேர்மாறு, 1 கூட்டுங்கள். மெனுவில் ஹைலைட் எச்சரிக்கை என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு வைத்தால் வெளுத்துப்போன இடம் திரையில் கறுப்பாக மின்னும். மஞ்சள் மூக்கு நாரைக்கு வால் பக்கத்து இறகு இளஞ்சிவப்பு. முதுகு வெளுத்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

காசிமேட்டு உப்பு | மார்ச் 11, காலை 7.30

நடுவில் ஒரு சின்ன விஷயம். "அலமாரியில் கிடந்த" லென்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் செல்பேசி விளக்கை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல, வேர் விட்டதுபோல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. நான் கடலோரத்தில் இருப்பவன், இரண்டு லென்ஸை அதற்குப் பலி கொடுத்திருக்கிறேன். தோல் பைக்குள் பூட்டி வைத்ததுதான் காரணம், இருட்டும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம்.

உலர் பெட்டி வாங்க வேண்டும் என்பதில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கால் கிலோ சிலிக்கா ஜெல், மலிவான ஈரமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், பழைய வாணலியில் இளந்தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனையும் வேண்டாம், தவிடு உள்ளே போகும்.

நெல்லைக் கொக்கு | மார்ச் 11, இரவு 9.05

பார்த்துவிட்டேன். வேர் எதுவும் இல்லை, ஒரு எறும்பு மட்டும் இருக்கிறது. முன் கண்ணாடிக்கு உள்ளே, செத்துக் காய்ந்து.

காசிமேட்டு உப்பு | மார்ச் 11, இரவு 9.11

எறும்பு படத்தில் தெரியாது. குடும்பத்தில் ஒருவராக வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை முக்காலி | மார்ச் 11, இரவு 10.40

இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முதல் பதில் என்னுடையது: "அருமை". கறார் அண்ணன் அதைத்தான் இடித்தார். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவுதான் தெரியும். எட்டு மாதம் ஆகிறது கேமரா வாங்கி. ஷட்டர் 250 என்றால் பறவை 4 செ.மீ. நகரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவர் இரவு ஒன்பதரை மணிக்கு விற்றுவிடப் போகிறேன் என்று எழுதுகிறார். விவரம் தெரிந்தவர் வரும் வரை யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாமா?

கறார்க் கண்ணாடி | மார்ச் 11, இரவு 10.58

தம்பி, அந்த அளவுக்கு நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஒன்று: "அருமை" என்பதோடு "மூன்றாவது படத்தில் நாரையின் கால் நீண்டிருப்பது பிடித்தது" என்று ஓர் வரி சேர்த்தால், அதற்கு ஷட்டர் கணக்கு எதுவும் தேவையில்லை. பார்த்திருக்கிறாய் என்று தெரியும்.

ஸ்டூடியோ மாமா | மார்ச் 12, காலை 6.05

இரண்டு பேரும் சரிதான், தூங்கப் போங்கள் என்று எழுத வந்தேன். விடிந்துவிட்டது.

நெல்லைக் கொக்கு | மார்ச் 16, இரவு 8.30

இன்றைய கணக்கு: எடுத்தது 412, வைத்துக்கொண்டது 3. மாமா சொன்ன நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"காலை 6.50. வெயில் முதுகில். 1/2000, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800, ஏஐ சர்வோ, நடுப்புள்ளி. முதல் இருபது படத்தில் பறவையே இல்லை, வெறும் வானம். லென்ஸுக்குள் பறவையைப் பிடிக்கத் தெரியவில்லை. பிறகு 100 மி.மீ.யில் பிடித்துவிட்டு மெல்ல 250க்கு இழுத்தேன். வந்தது. காப்பி குடித்தேன்."

முதல் படம் குளத்துக்கு மேலே திரும்புகிற நாரை. சிறகின் நுனியில் விரல் விரலாகப் பிரிந்த கறுப்பு இறகுகளை எண்ண முடிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மணல் இருக்கிறது, ஆமாம். எனக்கு அந்த மணல் பிடித்திருக்கிறது. இரண்டாவது, குச்சியோடு வரும் நாரை. ஈடு 1 குறைத்தேன், அந்த இளஞ்சிவப்பு இருக்கிறது! இத்தனை நாள் அந்தப் பறவைக்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்பதே என் படங்களில் தெரிந்ததில்லை.

மூன்றாவது குடை. டீக்கடைக்காரர் தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் ஒரு துணிப்பையில் மூன்று கிலோ அரிசியைப் போட்டு, அதன்மேல் லென்ஸைச் சாய்த்து ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 9.40க்குத் தாய் சிறகை விரித்தது. காகம் இன்று இல்லை. ஆனால் எட்டிப் பார்த்த குஞ்சு அதேதான் என்று நினைக்கிறேன், அதே திமிர்.

கோபுரத்துக்காரரையும் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கேமராவின் திரையைக் குனிந்து பார்த்து எதையோ அழித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய், "கானலாக இருக்கும் சார், காலையில் வந்து பாருங்கள்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ. "ஓகோ" என்றார்.

ஆனைமலை மேகம் | மார்ச் 16, இரவு 8.44

அக்கா, அந்த "ஓகோ"வைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

மதுரை முக்காலி | மார்ச் 16, இரவு 8.46

இரண்டாவது படத்தில் குச்சி அதன் அலகைவிட மூன்று மடங்கு நீளம். அதைப் பிடித்திருக்கிற விதத்தில் ஒரு கவலை தெரிகிறது. அருமை.

கறார்க் கண்ணாடி | மார்ச் 16, இரவு 9.10

முதல் படத்தில் பறவைக்கு முன்னால் இடம் குறைவு, சட்டத்தில் முட்டிக்கொள்ளப் போகிறது. அடுத்த வாரம் அது போகிற பக்கம் கொஞ்சம் காலியாக விடுங்கள். மூன்றாவதில் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

வேகத்தடை | மார்ச் 16, இரவு 9.15

கறாருக்கு எழுத ஒன்றும் இல்லையாம்! தேதியைக் குறித்து வையுங்கள். (250 மி.மீ.யிலேயே இப்படி என்றால் 600இல் எப்படி இருக்கும் என்பதையும் யோசித்து வையுங்கள்.)

நெல்லைக் கொக்கு | மார்ச் 16, இரவு 9.32

இப்போது விற்பதாக இல்லை, எனவே வேறு கேள்வி. மாடியைத் திறந்துவிட்டாரே, அவர் திரையில் குடைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமாகத் தலைக்கு மேலே இருக்கிறது, மேலே இருந்து பார்த்ததே இல்லையே" என்றார். கடையில் மாட்ட ஒரு பிரதி தர ஆசை. பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம் போட்டால் தாங்குமா? கொஞ்சம் வெட்டியிருக்கிறேன். எந்தத் தாளில் போடுவது?

ஸ்டூடியோ மாமா | மார்ச் 17, காலை 6.02

தாங்கும் அம்மா. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600க்கு 2400 வேண்டும். உங்கள் கேமரா தருவது 5184க்கு 3456. கணக்கு டீச்சருக்கு மேலே சொல்லத் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு அகலத்தை வெட்டினால்கூடக் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

மேட் தாளில் போடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், கடை டியூப்லைட் நாரையின் நடு முதுகில் வந்து உட்காரும். கண்ணாடிச் சட்டம் போடுவதாக இருந்தால் பாய்லரிலிருந்து தள்ளி மாட்டச் சொல்லுங்கள், ஆவி உள்ளே போனால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.